கரும்பு உள்ளே சிவந்திருந்தால்...

பொங்கலுக்கு அயனம்பாக்கம் ரேஷன் கடையில் வாங்கிய கரும்பை வெட்டும்போது சில சமயம் உள்ளே சிவந்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. துளைப்பான் புழு கடித்த இடமும் சிவக்கும், அது வேற. சிவப்புக்கு நடுவே குறுக்காக வெள்ளைத் திட்டுகள், கூடவே புளிச்ச வாடை என்றால் அது செவ்வழுகல் நோய்.

நமக்கு ஒரு கரும்பு போச்சு, அவ்வளவுதான். விவசாயிக்குத் தோட்டமே போகும். இந்தப் பூஞ்சாணம் தண்டுக்குள்ளே இருப்பதால், நோய் முற்றிய பிறகு மருந்து அடித்துக் காப்பாற்ற முடியாது. எதிர்ப்புச் சக்தி ரகத்திலேயே இருக்க வேண்டும்.

அந்த ரகங்கள் பிறக்கும் இடம் நம்ம கோயம்புத்தூர். 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் இனிப்பான தடித்த கரும்பை, தானாக வளரும் நாணல் வகைக் காட்டுக் கரும்போடு ஒட்டுச் சேர்த்தார்கள். அப்படி வந்த கோ 205, 1918-இல் வெளியானது. காட்டுக் கரும்பு உறுதியைத் தந்தது. சர்க்கரைக்காக மறுபடியும் இனிப்புக் கரும்போடு சேர்க்க வேண்டியிருந்தது.

சோதனை கொஞ்சம் கொடூரமானதுதான். வளர்ந்த கரும்பில் துளை போட்டு, பூஞ்சாண வித்துகளை உள்ளே விட்டு மூடிவிடுவார்கள். சுமார் 60 நாள் கழித்துப் பிளந்து, சிவப்பு எத்தனை கணு தாண்டியது என்று பார்ப்பார்கள். தாண்டியவை கழிக்கப்படும். ஒரு ரகம் வெளிவரப் பத்து வருடத்துக்கு மேலாகும்.

ஆனாலும் ஜெயிச்ச ரகம் என்றைக்கும் ஜெயிக்காது. கரும்பைக் கரணையால் நடுகிறோம். அதனால் ஒரு ரகம் எத்தனை ஏக்கரில் இருந்தாலும் அடிப்படையில் அது ஒரே செடிதான். பூஞ்சாணமோ மாறிக்கொண்டே இருக்கும். 2009-இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதியைப் பிடித்தது. பிறகு செவ்வழுகலிடம் தோற்றது. இங்கே, சர்க்கரை அதிகமுள்ள கோ.க 671-க்கும் அதே கதி. அதை ஒரு பெற்றோராகக் கொண்டு பிறந்த கோ 86032-தான் தமிழ்நாட்டில் பல வருடமாகப் பரவலாக நிற்கும் ரகம். ஒன்றையே நம்பாமல் இரண்டு மூன்று ரகங்களாகப் பிரித்து நடுவது நல்லது.

சொந்த ஊரில் கரும்பு போட்டிருப்பவர்கள், மேலிருந்து மூன்றாவது, நாலாவது இலை மஞ்சளாகிக் காய்ந்தால் ஒரு கரும்பைப் பிளந்து பாருங்கள். செவ்வழுகல் என்றால் அந்தத் தூரை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அங்கிருந்து பாசன நீர் அடுத்த பாத்திக்குப் போக விடாதீர்கள். அதில் கட்டைப்பயிர் வேண்டாம், விதைக்கரணையும் எடுக்கக் கூடாது. அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் உதவி வேளாண்மை அலுவலர் ஊருக்கு எப்போது வருகிறார் என்பதை ‘உழவன்’ செயலியில் பாருங்கள். போனில் கேட்க 1800-180-1551, கட்டணம் இல்லை.