வயலுக்கு அடியில் வெற்றிடம்

மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பக்கம், சேறடித்து நட்ட வயலில் காலையில் கட்டிய தண்ணீர் மாலையில் வடிந்துபோனால், வரப்பில் நண்டு வளையைத் தேடினால் மட்டும் போதாது. வயலின் நடுவே வெடிப்பு விட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காரணம், கீழே கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் இருக்கலாம்.

இந்தியாவில் நிலக்கரித் தொழில் 1774-ல் தொடங்கியது இங்கேதான். 1973-ல் அரசுடைமையாகும் வரை பெரும்பாலும் தனியார் கையில் இருந்தது. பாதை பாதையாகக் குடைந்து கரியை எடுத்துவிட்டு, மேலே உள்ள பாறை விழாமலிருக்க இடையிடையே கரியையே தூண்களாக விட்டுவைப்பது அந்தக் கால வழக்கம். போகிறபோது தூணையும் செதுக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. பல பழைய சுரங்கங்களுக்குச் சரியான வரைபடமும் இல்லை. தூண் நாளடைவில் உதிர, கூரைப்பாறை சரிகிறது. அந்தச் சரிவு மெல்ல மெல்ல மேலேறி, ஒருநாள் வயலில் பள்ளமாகத் தெரிகிறது. சுரங்கம் ஆழம் குறைவாக இருந்தால் ஆபத்து அதிகம். (நம் நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம், அங்கே இந்த வகைச் சிக்கல் இல்லை.)

வெடிப்பில் இரண்டு வண்டி மண்ணைக் கொட்டி உழுதுவிட்டால் அடுத்த மழையில் அந்த மண்ணும் உள்ளே போய்விடும். அதற்காகத் திறந்து போடவும் கூடாது. காற்று உள்ளே போனால் கரி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். ஜார்க்கண்டின் ஜாரியாவில் 1916-ல் கண்டறியப்பட்ட சுரங்கத் தீ இன்னும் முழுதாக அணையவில்லை. ஆகவே களிமண்ணைத் திணித்துக் கெட்டியாக அடைக்க வேண்டும். ஆனால் அது முதலுதவிதான்.

முழு வைத்தியம் கீழேயுள்ள வெற்றிடத்தை நிரப்புவது. மேலிருந்து போர் போட்டு, மணலைத் தண்ணீரில் கலந்து இறக்குகிறார்கள். களத்தில் நெல் குவிவதைப்போல மணல் துளைக்குக் கீழே குவியும். குவியலின் உச்சி கூரையைத் தொட்டதும் துளை அடைபடும். சுற்றிலும் காலியாகவே கிடக்கும். அதனால் அழுத்தக் காற்றையும் சேர்த்துச் செலுத்தி மணலைத் தூரமாகப் பரப்புகிறார்கள். அப்படியும் பல துளைகள் தேவை. அரைகுறையாக நிரப்பினால் தூண்களுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பிடிப்பு கிடைக்கும், அவ்வளவுதான். கூரை இறங்க இடம் இருந்துகொண்டே இருக்கும்.

பழைய சுரங்கங்களில் தண்ணீர் தேங்கி நிற்பதும் உண்டு. வறட்சியில் அதைப் பாசனத்துக்கு இறைக்க யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்தத் தண்ணீரும் கூரையின் பாரத்தைக் கொஞ்சம் தாங்குகிறது. ஆய்வு செய்யாமல் வேகமாக இறைத்தால் நிலம் இறங்கலாம்.

இன்னொரு சங்கடம், மணல். அதை தாமோதர் ஆற்றில்தான் அள்ள வேண்டும். ஆற்று மணல் போனால் கரையோரக் கிணறு என்ன ஆகும் என்பதைக் காவிரிக்கரை உழவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வயலைக் காக்க இன்னொரு வயலின் நீரைக் கொடுப்பது நியாயமில்லை. அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டு நிரப்பலாம்; அது மலைபோலக் குவிந்தும் கிடக்கிறது. ஆனால் ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் அதிலிருந்து கசியக்கூடும். நிரப்பும் முன்னும் பின்னும் சுற்றுவட்டாரக் கிணற்று நீரைச் சோதிப்பதாக இருந்தால் மட்டுமே சாம்பலுக்குச் சம்மதிக்கலாம்.

நிரப்பிக் காப்பாற்ற முடியாத குடியிருப்புகளை இடம் மாற்ற, ராணிகஞ்சுக்கும் ஜாரியாவுக்கும் சேர்த்து 2009-ல் மத்திய அரசு பெருந்திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. வீட்டுக்கு மாற்று வீடு தரலாம். தலைமுறையாக எரு போட்டுப் பண்படுத்திய மண்ணுக்கு மாற்று அவ்வளவு எளிதில் கிடைக்காது.

இப்படிப்பட்ட பகுதியில் போரோ பண்ணைக்குட்டையோ போடுமுன், சுரங்க நிறுவனத்திடம் வரைபடம் கேட்பது நல்லது. கதவு திடீரென நிலையில் இறுகுவது, சுவரில் சாய்வாக விரிசல் ஓடுவது, கோடையில்லாத நாளில் கிணற்று நீர் சட்டென்று இறங்குவது ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், அந்த இடத்தில் மாடு கட்டுவதையும் டிராக்டர் நிறுத்துவதையும் அன்றே விட்டுவிட வேண்டும்.