ராமானுஜனுக்கு வாய்த்தவர்கள்

திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம் என்று பேசுபவர்கள் முதலில் எடுக்கும் பெயர் கணிதமேதை ராமானுஜன். கும்பகோணத்து ஏழைப் பையன், எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்றவர், 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். உண்மைதான். ஆனால் அந்த வாழ்க்கையை நெருங்கிப் பார்க்கப் பார்க்க, எனக்குப் பயம்தான் வருகிறது. அவ்வளவு பெரிய மூளையே எத்தனை முறை காணாமல் போகப் பார்த்திருக்கிறது!

1912 மார்ச்சில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். வேறோர் அலுவலகமாக இருந்தால், பேரேடுகளுக்கு நடுவே சூத்திரம் எழுதுகிறவருக்குக் கண்டிப்புதான் கிடைத்திருக்கும். அங்கே அவருக்கு வாய்த்த மேலதிகாரி நாராயண ஐயர், இந்தியக் கணிதச் சங்கத்தில் இருந்தவர். மாலையானால் இருவரும் ஐயரின் திருவல்லிக்கேணி வீட்டு மாடிக்குப் போய்விடுவார்கள். முழங்காலில் ஆளுக்கொரு சிலேட்டு, ராத்திரி வெகுநேரம் வரை கணக்கு. ராமானுஜன் ஓரிரு படிகளில் தாவியதை, மற்றவர்களுக்குப் புரியும்படி விரித்து எழுதச் சொல்லி விடாமல் வற்புறுத்தியவர் ஐயர். போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் ராமானுஜனுக்காகப் பேசியவரும் அவரே.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதம் எல்லோருக்கும் தெரியும். பேக்கர், ஹாப்சன் என்ற வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்களுக்கு எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர்களும் சாமானியர்கள் அல்ல, ராயல் சொசைட்டி உறுப்பினர்கள். ஹார்டியே கூட முதலில் இது ஏதோ ஏமாற்று வேலையோ என்றுதான் நினைத்தார். நல்ல வேளை, அவருக்குப் பக்கத்தில் சக கணிதவியலாளர் லிட்டில்வுட் இருந்தார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு சூத்திரமாகப் பார்த்தார்கள்.

வாய்த்த மனிதர்களால்தான் தப்பினார் என்று சொன்னால் ராமானுஜனின் பெருமையைக் குறைப்பதாகச் சிலர் கோபப்படலாம். அவர் கண்டது அத்தனையும் அவருடையதே, அதில் யாருக்கும் பங்கில்லை. ஆனால் நாராயண ஐயர் இல்லாத அலுவலகத்தில் தேய்ந்துபோன குமாஸ்தாவின் பெயர் நமக்குத் தெரியாது. தெரியாததாலேயே, அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். வேலை கிடைக்காத பிள்ளையிடம் 'உனக்குத் திறமை போதாது' என்று முகத்திலடித்தாற்போல் சொல்ல நமக்குத் துணிச்சல் வருவதும் அதனால்தான்.

1920இல், 32 வயதில் அவர் இறந்த பிறகும் இந்தக் கதை தொடர்ந்தது. கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் இங்கிலாந்து போய், கணிதவியலாளர் வாட்சனிடம் தங்கின. 1965இல் வாட்சன் இறந்தபோது அவர் அறைத் தரையில் ஓரடி உயரத்துக்குக் காகிதங்கள் கலைந்து கிடந்தன. சில நாட்களில் எரித்துவிடுவதாக ஏற்பாடு. பார்க்கப் போன கணிதவியலாளர் விட்டேக்கர் குவியலுக்குள் கைவிட்டு எடுத்தவற்றில் ராமானுஜனின் தாள்கள் வந்தன. பிறகு அவை டிரினிட்டி கல்லூரி நூலகத்துப் பெட்டியில் முடங்கின. 1976இல் அதைத் திறந்தவர் அமெரிக்கரான ஜார்ஜ் ஆண்ட்ரூஸ். ராமானுஜன் கடைசியாகக் கண்டுபிடித்த 'மாக் தீட்டா' சார்புகளில்தான் ஆண்ட்ரூஸ் முனைவர் பட்டமே வாங்கியிருந்தார். விளக்கமே இல்லாமல் சூத்திரங்களாக நிரம்பிக் கிடந்த அந்தத் தாள்கள் எந்த ஆண்டில் எழுதப்பட்டவை என்பது அவருக்குப் பார்த்ததுமே புரிந்தது.