பின்னொளியை ஆளும் பட்டை

மடிக்கணினியின் நீர்மப் படிகத் திரை தானாக ஒளிர்வதன்று. பின்புறம் அமைந்த ஒளி உமிழ் டையோடுகளின் ஒளியே எழுத்தையும் படத்தையும் கண்ணுக்குக் காட்டுகிறது. அவ்வொளியைக் கூட்டவும் குறைக்கவும் பணித்திரைச் சூழலில் ஒரு பட்டை அமைப்பது எளிய வேலையாகத் தோன்றும்.

லினக்ஸ் இயங்குதளம் ஒளியின் அளவை ஒரு சிறு கோப்பில் எண்ணாக வைத்திருக்கிறது. உச்ச அளவு மற்றொரு கோப்பில் உள்ளது. அது கணினிக்குக் கணினி வேறுபடுமாதலால், அதனைப் படித்தறிந்த பின்னரே விழுக்காட்டைக் கணக்கிட இயலும்.

கோப்பில் எழுதும் உரிமையோ பொதுவாக நிர்வாகிக்கே உரியது. க்னோம் போன்ற சூழல்கள் சாதாரணப் பயனரின் பெயரில் இயங்குபவை. கோப்பை எல்லார்க்கும் திறந்துவிடுவது எளிய வழி, நல்ல வழியன்று. உரிமை பெற்ற சேவை ஒன்றை இடையில் நிறுத்தி, திரைமுன் அமர்ந்திருப்பவரின் கோரிக்கையை மட்டும் ஏற்கச் செய்வதே முறை. 2019இல் வெளிவந்த சிஸ்டம்டி 243ஆம் பதிப்பு இத்தகைய வழியைத் தந்தது.

கண்ணின் இயல்பும் கணக்கில் வரும். ஒளி 5 விழுக்காட்டிலிருந்து 10 ஆனால் மாற்றம் பெரிதாகத் தெரியும். 90 என்பது 95 ஆனால் அரிதாகவே புலப்படும். ஆகவே சம அளவில் கூட்டுவதைவிட விகிதத்தில் கூட்டுவதே பொருந்தும்.

மிகுந்த கவனம் வேண்டுவது பூச்சியத்தில்தான். சில கணினிகளில் அவ்வெண் பின்னொளியை முற்றிலும் அணைத்துவிடும். இரவில் படிக்கும் மாணவர் பட்டையைக் கடைசிவரை இழுத்தால் திரை இருண்டுவிடும். ஒளியை மீட்கவேண்டிய பட்டையும் அவ்விருளுக்குள்ளேயே மறைந்துபோகும். அதனால் பட்டையின் கீழ்முனையைப் பூச்சியத்திற்குச் சற்று மேலேயே நிறுத்துவர்.