மடியில் ஒரு கொப்புளம்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் நம் வாடிக்கையாளர்களுள் ஊரில் கறவை மாடு வைத்திருப்போர் பலர். மாடு நிற்பது திருநெல்வேலிப் பக்கத்துத் தொழுவத்தில். அதன்மேல் உள்ள கடனுக்குக் கவலைப்படுபவர் மும்பையில். சென்ற மழைக்காலத்தில் அத்தகைய ஒருவர் எங்களிடம் வந்தார். மாடு உதைக்கிறதாம், காம்பில் கை வைக்க விடுவதில்லையாம், பால் பாதியாகிவிட்டதாம். பால் கறக்கும் அவருடைய தாயாரின் விரலிலும் ஒரு கொப்புளம் என்றார். வணிகவியல் படித்த எங்களுக்கு இது புதிய பாடம். கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

மடியின் தோலில் வரும் நோய்கள் எல்லாம் ஒன்றல்ல. ஈரக்கையால் கறந்து, காம்பைத் துடைக்காமல் காற்றில் விட்டால் தோல் வெடிக்கும். தலைச்சன் ஈற்றில் மடி வீங்கித் தொடையோடு உராயும் இடத்தில் ஈரம் தங்கிப் புண்ணாகும். காம்பில் மரு முளைப்பதும் உண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் அது தானே உதிர்ந்துவிடும். நூல் கட்டி அறுக்க முற்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது அம்மை வகை. போலி மாட்டம்மையில் காம்பு சிவந்து தடித்து, பொருக்குக் கட்டி, குதிரை லாட வடிவில் தழும்பு தெரியும். ஒருமுறை வந்த மாட்டுக்கு மீண்டும் வரலாம். எருமை அம்மை எருமைக்கு மட்டுமன்றிச் சில வேளைகளில் பசுவுக்கும் வரும். 2009-இல் சோலாப்பூர், கோலாப்பூர் மாவட்டங்களில் எருமைகளோடு மனிதர்களுக்கும் அது பரவியது. இரு நோய்களும் கறப்பவர் கை வழியாக மாட்டிலிருந்து மாட்டுக்குச் செல்லும். கறப்பவரின் கையிலும் தங்கும். அந்தத் தாயாரின் விரலை மருத்துவரிடம் காட்டச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தொற்றிலிருந்துதான் மனித குலத்துக்கு ஒரு நன்மையும் விளைந்தது. 1796-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரைக் கொண்டு பெரியம்மைக்குத் தடுப்பு கண்டார். அம்முறை இந்தியாவில் முதன்முதலாக வெற்றி பெற்றது இதே மும்பையில்: 1802 ஜூன் 14 அன்று, அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு.

2022-இல் மகாராஷ்டிரம் உள்ளிட்ட பல மாநிலங்களில் பரவிய தோல் கழலை நோய் வேறு. உடல் முழுவதும், மடியிலும் கட்டிகள் எழும். அதைப் பெரிதும் பரப்புபவை கடிக்கும் ஈக்களும் கொசுக்களும் உண்ணிகளும். மனிதருக்கு அது தொற்றாது. மாட்டுக்குத் தடுப்பூசி உண்டு.

புண்ணைக் காட்டிலும் அதன் பின்விளைவே பெரிது. வலிக்கு அஞ்சி மாடு பாலை அடக்கும். மடியில் தேங்கும் பாலில் கிருமி புகுந்து மடிநோய் வரும். ஒரு காம்பு நிரந்தரமாகவே அடைபட்டுப் போகலாம். எனவே நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கறந்தபின் மருத்துவர் தரும் அயோடின் கரைசலில் காம்பை நனைக்கலாம். வெடிப்புக்குக் கிளிசரின் உதவும். அலைய வழியில்லாதவர்கள் 1962 என்னும் கால்நடை உதவி எண்ணை அழைக்கலாம்.

இனி எங்கள் துறைக்கு வருவோம். பெரும்பாலான காப்பீடுகள் மாட்டின் இறப்புக்கு மட்டுமே இழப்பீடு தருகின்றன. பால் வற்றியதற்கு இழப்பீடு வேண்டுமாயின் நிரந்தர ஊனப் பிரிவைக் கூடுதல் பிரீமியம் செலுத்திச் சேர்த்திருக்க வேண்டும். பாலிசியை எடுத்து இன்றே பாருங்கள். காதில் உள்ள 12 இலக்க வில்லை விழுந்திருந்தால் உடனே தெரிவியுங்கள். வில்லை இல்லாத மாட்டுக்குக் கோரிக்கை எழுப்புவது கடினம். நோயால் தவணை தாமதமாகுமென்று தோன்றினால், தவணை நாள் கடக்குமுன் கால்நடை மருத்துவரின் சான்றோடு கடன் பெற்ற கிளைக்கு எழுதுங்கள். நம் வாடிக்கையாளர் தவணை நாள் கடந்து மூன்று வாரத்துக்குப் பின்பே வந்தார்.