விழுங்கும், கொல்லாது

உள்ளுக்குள் ஒரு காவல் – 12

எருக்குழியைக் கிளறினால் வெயிலில் லேசாக ஒரு தூசி எழும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் அதில் ஏராளம். தினமும் நாம் சுவாசிப்பதுதான். ஒரு தும்மலோடு மறந்துவிடுகிறோம். சிஜிடி என்ற பிறவிக் குறைபாடுள்ள பையன் அதே குழியருகே நின்றால், சில நாட்களிலேயே மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போக நேரலாம்.

சென்ற வாரம் பார்த்த நோயில் வெள்ளையணுக்களுக்கே பஞ்சம். இதில் அந்தக் குறையில்லை. கிருமி இருக்கும் இடத்துக்கு அவை ஓடுகின்றன, விழுங்கவும் செய்கின்றன. விழுங்கியதைக் கொல்லத்தான் முடியவில்லை. ஆக்சிஜனை சூப்பராக்ஸைடாக மாற்றித்தான் வெள்ளையணு கிருமியைத் தாக்கத் தொடங்கும். அதைத் தயாரிக்கும் நொதியில் இவர்களுக்கு ஒரு பாகம் பழுது. வேலை முடியாததால் அணுக்கள் மேலும் மேலும் வந்து குவிந்து, நுரையீரலிலும் கல்லீரலிலும் கட்டியாகின்றன.

1957-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் மருத்துவர்கள் இதைத் தனி நோயாக எழுதிவைத்தபோது, பெயரிலேயே ‘உயிர்கொல்லி’ என்று சேர்த்தார்கள். பெரும்பாலும் பையன்களுக்கே வந்தது. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் காரணமான மரபணு 1986-ல் அடையாளம் காணப்பட்டது. சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் பெண் குழந்தைகளையும் பிடிக்கும் வகைகளும் உண்டு.

இதற்கான பழைய பரிசோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ரத்தத்துளியில் மஞ்சள் சாயம் ஒன்றைக் கலப்பார்கள். நல்ல வெள்ளையணு அதைக் கருநீலமாக்கிவிடும். நோயாளியின் அணு வெளிறியே கிடக்கும். பையனுக்கு எக்ஸ் வழியாக நோய் வந்திருந்தால், தாயின் ரத்தத்தையும் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்: பெரும்பாலும் சில அணுக்கள் நீலம், சில வெறுமை. நோய் வந்த வழி கண்ணெதிரே தெரியும்.

இட்ரகோனசோல் நம்மூரில் படர்தாமரைக்குக் கண்டபடி விற்கும் மாத்திரை. இந்த நோயாளிகளுக்கு அது கவசம். 39 பேரிடம் செய்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. வெற்று மாத்திரை எடுத்த காலத்தில் ஏழு பேருக்குக் கடுமையான பூஞ்சைத் தொற்று; மருந்து எடுத்த காலத்தில் ஒருவருக்கு மட்டும். அவரும் ஒழுங்காக மருந்து சாப்பிடாதவர்! எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் அடியோடு குணமானவர்களும் உண்டு. ஆனால் நோய் இன்னதென்று முதலில் தெரியவேண்டுமே. பூஞ்சை நுரையீரலில் பரவும்போதுகூட பலருக்குக் காய்ச்சல் பெரிதாக இருக்காது.

இந்த நோயின் ஒரு துப்பு பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசிக்குப் பின் தெரியலாம். அப்போது அக்குளில் நெறி கட்டிச் சீழ் வடிவது சில குழந்தைகளுக்கு நேர்வதுதான், அதற்கே பயப்படவேண்டாம். அதோடு நிமோனியாவும் கட்டியும் திரும்பத் திரும்ப வந்தால், தாய்வழியில் சிறுவயதிலேயே இறந்துபோன பையன்கள் உண்டா என்று பாட்டியிடம் விசாரியுங்கள். பாட்டி சொன்னதை, டாக்டர் கேட்காவிட்டாலும், அவரிடம் சொல்லுங்கள்.

(தொடரும்)