அபிஷேகப்பட்டிக்கு ஒரு பிரயாணம்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிய பெண் வீட்டில் இருப்பவர்களுக்கு என் அவஸ்தை புரியும். "குற்றவியல்தான் படிப்பேன், அப்பா!" என்றாள் என் குமாரி. "களவும் கொலையும் படிக்கவா காலேஜ்?" என்றாள் அவளுடைய ஆச்சி. வழக்குத் தீர்வதாயில்லை. ஆகவே ஒரு நாள் காலை மூவருமாகத் தென்காசி சாலையில் பஸ் ஏறினோம்.

திருநெல்வேலிக்கு மேற்கே, தாமிரபரணியின் வயலும் வாழையும் எட்டிப் பாராத பொட்டல் வெளியில் இருக்கிறது மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலை. விஸ்தீரணம் ஐந்நூறு ஏக்கருக்கும் மேல்! ஆச்சி இரண்டு தடவை மரத்தடியில் உட்கார்ந்து விட்டாள்.

"உன் தாத்தா பாளையங்கோட்டையிலே படித்தார், பட்டம் கொடுத்ததோ மெட்ராஸ்" என்றாள். வாஸ்தவம். 1966-ல் மதுரையில் சர்வகலாசாலை ஏற்படும் வரையில் இந்தச் சீமைக் கல்லூரிகளெல்லாம் சென்னையைச் சேர்ந்தவை. நெல்லைக்கென்று ஒன்று பிறந்தது 1990-ல். சுந்தரனார் 1891-ல் வெளியிட்ட நாடகத்தின் வாழ்த்துப் பாடலிலிருந்து எடுத்த பகுதியே 2021-ல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அவர் தத்துவம் போதித்ததென்னவோ திருவனந்தபுரத்தில்!

குற்றவியல் துறையில் ஓர் ஆசிரியை பொறுமையாகப் பேசினார். குற்றம் ஏன் நிகழ்கிறது, சிறை மனிதனை என்ன செய்கிறது, பாதிக்கப்பட்டவர் கதி என்ன என்பதெல்லாம் பாடமாம்.

"ஜெயிலுக்குப் போனவன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றியும் உண்டா, அம்மா?" என்று ஆச்சி கேட்டாள்.

"உண்டு, பாட்டி."

ஆச்சி மௌனமானாள். அவள் பிறந்த தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தது எனக்குத் தெரியும்.

முதுகலைக்கு இங்கே வரலாம், முதலில் ஒரு பட்டம் வேண்டும் என்று தீர்மானமாயிற்று. குமாரிக்கு முகம் வாடிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில், "பாளையங்கோட்டையிலே எந்தக் காலேஜ் நம் வீட்டுக்குக் கிட்டே?" என்று ஆச்சி என்னைக் கேட்டாள்.