காற்று குளிருமா? கொல்லுமா?

கோடையில் மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் பெயர் "மரணப் பள்ளத்தாக்கு"!

பெயரைக் கேட்டாலே நடுக்கமாக இருக்கிறது, அல்லவா?

1849-ம் ஆண்டில் தங்கம் தேடிப் புறப்பட்ட ஒரு கூட்டம் அங்கே வழி தவறிச் சிக்கிக்கொண்டது. தண்ணீர் இல்லை. நிழல் இல்லை. அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. அந்தக் கூட்டத்தார் வைத்த பெயர்தான் இன்றும் நிலைத்துவிட்டது என்று சொல்வார்கள்.

2024-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி. சனிக்கிழமை. அந்தப் பள்ளத்தாக்கின் வழியாக ஆறு பேர் மோட்டார் சைக்கிளில் போனார்கள். அன்று அங்கே அடித்த வெயில் 128 டிகிரி! (இந்தக் கட்டுரையில் வரும் டிகிரி எல்லாம் பாரன்ஹீட் கணக்கு.)

ஆறு பேரில் ஒருவர் வெப்பம் தாங்காமல் இறந்து போனார். இன்னொருவரை ஆபத்தான நிலையில் லாஸ் வேகாஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மற்ற நான்கு பேருக்கும் அங்கேயே சிகிச்சை நடந்தது. அவர்கள் பிழைத்தார்கள்.

அவரைக் கொன்றது விபத்து அல்ல. வெப்பம்!

பூமியின் அடுப்பு

அந்த இடத்தில் மட்டும் ஏன் அத்தனை வெப்பம்?

ஆறு பேரும் போன பகுதிக்கு "பேட்வாட்டர்" என்று பெயர். கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கும் பள்ளம் அது. வட அமெரிக்கா முழுவதிலும் அதைவிடத் தாழ்ந்த நிலம் கிடையாது.

சுற்றிலும் உயரமான மலைகள். மழை மேகங்களை அந்த மலைகளே தடுத்துவிடுகின்றன. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 2 அங்குலம்தான். தரை காய்கிறது. அதைத் தொட்ட காற்று சூடாகி மேலே எழும்புகிறது. ஆனால், மலைகளைத் தாண்டி வெளியே போக முடியாமல் மறுபடி பள்ளத்துக்கே இறங்குகிறது. இறங்கும்போது இன்னும் சூடாகிறது.

அங்கே "பர்னஸ் கிரீக்" என்று ஓர் இடம். "உலை ஓடை" என்று பொருள். பொருத்தமான பெயர்தான்! 1913-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி அங்கே 134 டிகிரி பதிவாயிற்று. உலக வானிலை அமைப்பின் ஏட்டில் உலகத்திலேயே அதிகமான வெப்பம் அதுதான்.

ஹெலிகாப்டர் ஏன் வரவில்லை?

"அமெரிக்காவில் வசதிக்கு என்ன குறை? ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே?" என்று கேட்பீர்கள்.

முடியவில்லை.

காற்று சூடானால் விரிந்து இலேசாகிவிடும். இலேசான காற்றில் ஹெலிகாப்டரின் விசிறிக்குப் பிடிமானம் கிடைக்காது. 120 டிகிரிக்கு மேலே போனால், ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்கள் பொதுவாகப் பத்திரமாகப் பறக்க முடியாது. அன்று 128 டிகிரி அல்லவா? நோயாளியைத் தரை வழியாகத்தான் கொண்டு போக வேண்டியிருந்தது.

எந்த வெப்பம் ஆபத்தைக் கொண்டுவந்ததோ, அதே வெப்பம் உதவியையும் தடுத்துவிட்டது!

வேகமாகப் போனால் குளிராதா?

வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் எல்லோரும் நினைப்பது இதுதான்: "நின்றால்தான் சுடுகிறது. கொஞ்சம் வேகமாகப் போனால் காற்று அடிக்கும். உடம்பு குளிர்ந்துவிடும்."

இது பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து.

நம் உடம்பின் உள்ளே வெப்பம் சுமார் 98 டிகிரி. தோலின் மேல் வெப்பம் சுமார் 95 டிகிரி. அடிக்கும் காற்று 95 டிகிரிக்குக் குறைவாக இருந்தால், அது உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். உடம்பு குளிரும். மார்கழி மாதத்தில் வண்டி ஓட்டினால் பல் கிட்டிப் போவது அதனால்தான்.

காற்றே 95 டிகிரிக்கு மேல் இருந்தால்? அப்போது கணக்கு தலைகீழாகிவிடும். காற்று சூட்டை வாங்காது, கொடுக்கும்! வேகம் கூடக் கூட, அது கொடுக்கும் சூடும் கூடும்.

வெந்நீர் அண்டாவில் கையை விட்டுப் பாருங்கள். அசைக்காமல் வைத்திருந்தால் ஓரளவு பொறுக்கலாம். கையை ஆட்டினால் "சுரீர்" என்று சுடும். காரணம் என்ன? கையைச் சுற்றியுள்ள தண்ணீர் கைக்குச் சூட்டைக் கொடுத்துக் கொஞ்சம் ஆறியிருக்கும். அசைத்தால் அது விலகிவிடும். புதிய வெந்நீர் வந்து தொடும்.

காற்றும் அப்படித்தான். மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது, நொடிக்கு நொடி புதிய அனல் வந்து உடம்பில் மோதுகிறது. கொல்லன் உலையில் துருத்தி ஊதுவது எதற்கு? நெருப்பைக் குளிர வைக்கவா?

வியர்வை என்ற காவலன்

"அப்படியானால் நம் ஊரில் 104 டிகிரியில் வண்டி ஓட்டுகிறவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?" என்ற கேள்வி எழும். நல்ல கேள்வி.

காப்பாற்றுவது வியர்வை!

வியர்வை காயும்போது உடம்பின் சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. எவ்வளவு சூடு? ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் காய்ந்தால், ஏழு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு உடம்பை விட்டுப் போகிறது. வியர்வை இருக்கும் வரை, நம் ஊர் வெயிலில் காற்று ஓரளவு உதவத்தான் செய்யும்.

ஆனால் வியர்வை சும்மா வருமா? உடம்பில் இருக்கும் தண்ணீரும் உப்பும்தான் வியர்வையாக வருகின்றன. கடும் வெயிலில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வெளியேறலாம்.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. நடந்து போகிறவருக்குச் சட்டை நனைகிறது. "வியர்த்துக் கொட்டுகிறதே" என்று தெரிகிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அது தெரியாது. வியர்வை வந்த உடனே காற்று அதை உலர்த்திவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். "எனக்குத்தான் வியர்க்கவே இல்லையே!" என்று அவர் நினைப்பார். உடம்போ உள்ளுக்குள் வற்றிக்கொண்டிருக்கும்.

கடற்கரை ஊர்களில் வேறு தொல்லை. அங்கே காற்றில் ஈரம் அதிகம். வியர்வை கொட்டும், ஆனால் காயாது. காயாத வியர்வையால் பயன் இல்லை. அதனால்தான் சென்னையில் 100 டிகிரியே தாங்க முடியாததாக இருக்கிறது. 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி சென்னையில் 113 டிகிரி வெயில் அடித்தது.

பானை சொல்லும் பாடம்

ராஜஸ்தான் மாநிலத்தில் பலோடி என்ற ஊர் இருக்கிறது. 2016-ம் ஆண்டு மே 19-ந் தேதி அங்கே ஏறத்தாழ 124 டிகிரி வெயில். அந்தப் பாலைவனத்து மக்களைப் பாருங்கள். தலையில் பெரிய முண்டாசு. உடம்பில் தொளதொளவென்று முழுக்கைச் சட்டை. அரேபியப் பாலைவனத்திலும் தலை முதல் கால் வரை அங்கிதான்.

வெயில் அதிகமான இடத்தில் ஏன் உடம்பை மூடுகிறார்கள்? துணி, வெயிலுக்கும் தடுப்பு. அனல் காற்றுக்கும் தடுப்பு! உள்ளே இருக்கும் வியர்வை மெள்ள மெள்ளக் காய்ந்து உடம்பைக் குளிர வைக்கிறது.

நம் வீட்டு மண்பானை செய்வதும் இதைத்தான். பானையின் மேல் கசியும் ஈரம் காய்கிறது. உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. பானை வறண்டு போனால் குளிர்ச்சி ஏது?

ஆகவே, வறண்ட வெயிலில் நெடுந்தூரம் போகிறவர்கள் செய்ய வேண்டியது இதுதான். உள்ளே போடும் பருத்திப் பனியனைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். மேலே முழுக்கைச் சட்டையோ, காற்று கொஞ்சம் நுழையும் கோட்டோ போட்டுக்கொள்ளுங்கள். கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றி, நுனியை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். ஈரம் காய்ந்தால் மறுபடியும் நனையுங்கள். சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, வெறும் கையோடு போவது சுகம் போலத் தோன்றும். ஆனால் அது உடம்பை வறளடிக்கும்.

"ஹெல்மெட் சுடுகிறதே" என்று கழற்றி வண்டியில் மாட்டிவிடாதீர்கள். ஹெல்மெட் விபத்துக்கு மட்டும் அல்ல. தலைக்கு அதுவே குடை.

இதற்கும் எல்லை உண்டு. மரணப் பள்ளத்தாக்கின் 128 டிகிரியில் கனமான கோட்டும் சுமையாகிவிடுகிறது, காற்றும் பகையாகிவிடுகிறது. அந்த வெயிலில் வண்டியை எடுக்காமல் இருப்பதே வழி.

தண்ணீர் மட்டும் போதுமா?

மரணப் பள்ளத்தாக்குக்குச் செல்வோர் நாளுக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது குடிக்க வேண்டும் என்று அங்குள்ள அதிகாரிகள் சொல்கிறார்கள்.

தாகம் எடுத்த பிறகு குடிப்பது, திருடன் போன பிறகு கதவைச் சாத்துவது போல. மணிக்கு ஒரு முறை வண்டியை நிழலில் நிறுத்துங்கள். தாகம் இல்லாவிட்டாலும் குடியுங்கள்.

வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. வியர்வையோடு போன உப்பு திரும்பி வர வேண்டாமா? உப்புப் போட்ட மோர் நல்லது. நீராகாரம் நல்லது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும் கரைத்து வைத்துக்கொண்டாலும் நல்லது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மது கூடவே கூடாது.

அவருக்கே தெரியாது!

வெப்பத்தாக்கு வருவதில் மிகப் பெரிய அபாயம் எது தெரியுமா? அது வருவது, வந்தவருக்கே தெரியாது!

முதலில் தலைவலி, குமட்டல், கை கால் பிடிப்பு. இதோடு நிறுத்தி நிழலில் உட்கார்ந்தால் சரியாகிவிடும். நிறுத்தாமல் போனால் உடம்பின் உள்வெப்பம் 104 டிகிரியைத் தாண்டும். மூளை குழம்பும். பேச்சு குழறும். "எனக்கு ஒன்றும் இல்லை, இன்னும் இருபது கிலோ மீட்டர்தானே" என்று சொல்வார். அந்தக் குழப்பத்தோடு வண்டி ஓட்டினால் என்ன ஆகும்?

ஆகவே பின்னால் இருக்கிறவர் அடிக்கடி பேச்சுக் கொடுக்க வேண்டும். "இப்போது எந்த ஊர் தாண்டினோம்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் உடனே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

மயங்கி விழுந்தால் நிழலில் கிடத்துங்கள். கோட்டையும் இறுக்கமான உடைகளையும் கழற்றுங்கள். உடம்பு முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் போய்விடும். 108-க்கு போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.

குழந்தையோடு போகிறீர்களா?

கோடை விடுமுறை. பாட்டி வீட்டுக்குப் பயணம். கணவர் வண்டி ஓட்டுகிறார். மனைவி பின்னால். குழந்தை முன்னால், பெட்ரோல் டாங்கின் மேல்! "காற்று வாங்கிக்கொண்டு வரட்டும்" என்று உட்கார வைக்கிறார்கள்.

அந்தக் குழந்தை வாங்குவது காற்று அல்ல. அனல்! அப்பாவின் மார்பில் படும் முன் அனல் முழுவதும் குழந்தையின் முகத்தில் படுகிறது. கீழே எஞ்சின் சூடு வேறு. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறிவிடும். "எனக்கு என்னவோ செய்கிறது" என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. தூங்கிவிட்டது என்று நினைப்பீர்கள். மயங்கியிருக்கும்!

அக்கினி நட்சத்திர நாட்களில் நெடுந்தூரம் போக, குழந்தைகளுக்கு பஸ்ஸோ ரெயிலோதான் ஏற்றது. துணையாகப் பெண்கள் மோட்டார் சைக்கிளில் வந்தால், முந்தானையையும் துப்பட்டாவையும் நன்றாகச் செருகிக்கொள்ள வேண்டும். தொங்கினால் சக்கரத்தில் சிக்கிவிடும்.

புறப்படும் முன், வண்டி சூடேறாதபோது டயரில் காற்றைப் பாருங்கள். "வெயிலில் டயர் வெடித்துவிடும்" என்று காற்றைக் குறைக்காதீர்கள். காற்று குறைந்த டயர் நசுங்கி நசுங்கி இன்னும் சூடாகும்.

எப்போது புறப்படலாம்?

மரணப் பள்ளத்தாக்கில், கோடையில் காலை 10 மணிக்கு மேல் நடந்து போகாதீர்கள் என்று அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். அந்தக் கணக்கு நமக்கும் நல்லது. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். பத்து மணிக்குள் நிழலைத் தேடுங்கள். மாலை வெயில் தாழ்ந்த பிறகு மீதிப் பயணம்.

"நடுவில் ஆறு மணி நேரம் வீணாகிறதே!" என்று தோன்றும். அந்த ஆறு மணி நேரமும் ஒரு புளிய மரத்தடியில் போகட்டும். ஊரில் காத்திருப்பவர்களுக்கு நீங்கள் வந்து சேரும் நேரமா முக்கியம்? நீங்கள் வந்து சேர்வதல்லவா முக்கியம்!